டூட்டி சார்ட்டில் இருக்கிறது உடம்பு

சென்னையில் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டில் இரவு பத்து மணி வாக்கில் நின்று பாருங்கள். மேடவாக்கம் மெயின் ரோட்டுக் கடைகளில் வேலை முடிந்து வரும் பெண்கள் பஸ் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், உட்கார இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இல்லையென்றால் தூணில் சாய்ந்துகொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்பார்கள். யூனிஃபார்ம் புடவை, பையில் காலி டிபன் பாக்ஸ், பத்து மணி நேரம் நின்ற கால்கள். அதே ஜங்ஷனில் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டிலிருந்து வந்து நிற்கும் கேபிலிருந்து இறங்குபவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து நிமிர்கிறார். அவருடையது பத்து மணி நேரம் உட்கார்ந்த முதுகு.

இந்தக் கட்டுரை இவர்களுக்கு மேலே இருப்பவருக்கு. முதலாளிக்கு அல்ல, ஹெச்ஆருக்கும் அல்ல. ஃப்ளோர் இன்சார்ஜ், டீம் லீட், கிளை மேலாளர், லேப் சூப்பர்வைசர் என்று ஏதோ ஒரு பெயரில் ஐந்து பேரையோ ஐம்பது பேரையோ மேய்ப்பவருக்கு. உங்கள் கையில் பட்ஜெட் கிடையாது, சம்பளத்தை ஏற்ற முடியாது. ஆனால் யார் எப்போது வர வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எப்போது வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதும் டூட்டி சார்ட் உங்களிடம்தான் இருக்கிறது. ஊழியர் உடம்பில் பாதி அந்தத் தாளில் இருக்கிறது.

ஊழியர் நலம் என்றதும் நிறுவனங்கள் ஜூன் 21இல் யோகா வைக்கும், மகளிர் தினத்துக்கு ரோஜா கொடுக்கும். கொடுக்கட்டும். ஆனால் யோகா முடித்த அதே ஊழியர் மத்தியானம் எட்டு நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு கவுண்டருக்கு ஓடினால், காலையில் விட்ட மூச்சை மத்தியானம் திருப்பி வாங்கிக்கொண்டோம் என்று அர்த்தம். அதனால் சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம்.

சாப்பாட்டு நேரம்

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் பிறந்தது. பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களின் துயரத்தைச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும், பிறகு அந்தச் சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் முன்வரிசையில் இருந்தது மத்தியான இடைவேளை. அரை மணி நேரத்தில் கை கழுவி, சாப்பிட்டு, திரும்பி வந்து எந்திரத்தின் முன்னால் நிற்க முடியவில்லை என்பதுதான் விஷயம். நூறாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கும் பல கடைகளில் அந்த அரை மணி நேரமே தாராளம் என்று பேர்.

சட்டம் அதைவிடத் தாராளமானது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒருவரை 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்க வேண்டுமானால், நடுவில் குறைந்தது 1 மணி நேர ஓய்வு தர வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதும் அதே சட்டம்தான்.

நடைமுறையில் எப்படிச் செய்வது? ஒன்பது பேர் இருக்கும் தளத்தில் மூன்று மூன்று பேராக 12.30, 1.30, 2.30 என்று பிரித்தால் கவுண்டர் ஒருபோதும் காலியாகாது. இதைப் பல இடங்களில் செய்கிறார்கள். தப்பு அடுத்த படியில் நடக்கிறது. சீனியர்கள் முதல் பந்தியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, எட்டு மணிக்கு ஒரு டீயோடு வந்து நிற்கும் புதுப் பெண் தினமும் 2.30 பந்தியில் மாட்டிக்கொள்வாள். வாரம் ஒருமுறை பந்தியை மாற்றுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரை மட்டும் மாற்றாமல் முதல் பந்தியிலேயே வையுங்கள். காரணத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை போட்டவர் மூன்று மணி வரை சாப்பிடாமல் நின்று கண் இருட்டி விழுந்தால், கடையில் அதற்கு ‘வெயில்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். சரியான பெயர் டூட்டி சார்ட்.

எங்கே சாப்பிடுகிறார்கள் என்றும் ஒருநாள் போய்ப் பாருங்கள். ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தா, மாடிப்படியிலா? ஒரு மடக்கு மேஜை, ஒரு மின்விசிறி, கை கழுவ ஒரு குழாய் போதும். இதற்கு முதலாளி மறுப்பு சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை. யாரும் போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நாற்காலி

ரங்கநாதன் தெருவில் நின்று நின்று வேலை பார்க்கும் பிள்ளைகளின் கதையை வசந்தபாலன் 2010இல் ‘அங்காடித் தெரு’ என்று படமாக எடுத்தார். படம் பார்த்து அழுத ஊர் நம் ஊர். ஆனால் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க முதலில் வழி காட்டியது கேரளம். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு, ஜவுளிக்கடைப் பெண்களுக்காக உட்காரும் இடமும் கழிப்பறையும் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது; அதே ஆண்டு பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் விஜி இடம்பெற்றார். தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றே கழிக்கும்படி வைக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. பல கடைகளில் அந்த ஸ்டூல் மேல் இப்போது துணி பண்டல் உட்கார்ந்திருக்கிறது. ஏனென்றால் உட்கார்ந்த பெண்ணை நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இதற்கு மருந்து எளிது, கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆள் குறைவான நேரத்தில் நீங்கள் முதலில் உட்காருங்கள். “கஸ்டமர் இல்லாதப்ப உட்காருங்கம்மா, வந்தா எழுந்துக்கலாம்” என்று எல்லார் காதிலும் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். அடுத்தது சிசிடிவி. வீட்டிலிருந்து செல்போனில் கடையைப் பார்க்கும் முதலாளி ஃபோன் போட்டு, “அந்தப் பொண்ணு ஏன் உட்கார்ந்திருக்கு?” என்பார். அப்போது, “நான்தான் சார் உட்காரச் சொன்னேன்” என்று சொல்வதற்குத்தான் உங்களுக்கு இன்சார்ஜ் என்ற பெயரும் அந்த இரண்டாயிரம் அலவன்ஸும்.

கடைக்காரர்களிடம் பேசினால் ஒரே புலம்பல்: “ஆளே நிக்க மாட்டேங்குது.” நிற்க வைத்தே வேலை வாங்கினால் ஆள் எப்படி நிற்கும்? மூன்று மாதம் பழக்கிய ஆள் போய்விட்டால் புதிதாக ஒருவருக்கு ரகமும் விலையும் பில்லிங்கும் சொல்லிக்கொடுக்க எத்தனை நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டு முதலாளி முன்னால் வையுங்கள். இரக்கத்தைவிட இந்தக் கணக்கு சீக்கிரம் வேலை செய்யும்.

கணினி முன் உட்காருபவர்களுக்கு இதே விஷயம் தலைகீழ். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், முழங்கை மேஜை உயரத்தில், பாதம் தரையில். இவ்வளவுதான். விலை உயர்ந்த நாற்காலியில் நான்கு மணி நேரம் அசையாமல் இருப்பதைவிடச் சாதா நாற்காலியிலிருந்து மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது மேல். கால் சென்டரில் அந்த இரண்டு நிமிடத்தை ‘லாக்-அவுட்’ என்று பிடித்தம் செய்யாமல் இருக்க வேண்டியது டீம் லீடின் பொறுப்பு.

சாவி

இனி வருவதை ஆண் மேலாளர்கள் சங்கடப்பட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். காம்ப்ளெக்ஸ் கடைகளில் கழிப்பறை இரண்டாம் மாடியில் பூட்டிக் கிடக்கும். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். பெண்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சமாளிக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லடைப்புக்கும் வேறு அழைப்பிதழ் தேவையில்லை.

சாவியை உங்கள் கவுண்டர் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் போகலாம் என்று சொல்லுங்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்து, ‘எத்தனை நிமிஷம்’ என்ற கணக்கு இரண்டையும் ஒழியுங்கள். சோப்பு, மூடி போட்ட குப்பைத்தொட்டி, அலமாரியில் நாப்கின் வேண்டும். இதை நீங்கள் வாங்கப் போய் நெளிய வேண்டாம். எல்லாக் கடையிலும் பிள்ளைகள் மனசு விட்டுப் பேசும் ஓர் அக்கா இருப்பார். மாதம் ஒரு சிறு தொகையை அவர் கையில் கொடுத்து, பில் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

ஸ்விகி, ஜொமேட்டோ தம்பிகள் உங்கள் ஊழியர்கள் அல்லர்தான். ஆனால் பார்சலுக்காக வெயிலில் நிற்பது உங்கள் வாசலில். சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணாநகரிலும் தியாகராய நகரிலும் அவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறைகள் திறந்தது. கீழ்க்கட்டளைக்கு அது வரும்வரை ஒரு தண்ணீர் கேனும் இந்தச் சாவியும் போதும்.

லீவு கேட்டால்

இப்போதெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று ஊழியர்களுக்கே தெரிந்துவிட்டது. கையில் டிரிப்ஸ் ஏறும் ஃபோட்டோவை வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். கிளினிக் கட்டிலில் படுத்தபடி ஒருவர் முதலில் செய்யும் காரியம் மேலாளருக்குப் படம் எடுத்து அனுப்புவது என்றால், அந்த மேலாளர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

லீவு மெசேஜ் வந்தால் பதில் இரண்டு வரி. “சரி, ரெஸ்ட் எடுங்க. நாளைக்குச் சாயங்காலம் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.” என்ன வியாதி, எந்த டாக்டர், போன மாதமும் எடுத்தியே என்ற குறுக்கு விசாரணை வேண்டாம். நம் கடைகள் சட்டப்படி ஆண்டுக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, நோய்க்கு 12 நாள், தற்செயலுக்கு 12 நாள் உண்டு. அது அவர்களுடையது. நீங்கள் தயவு பண்ணுவதாக நினைத்தால் குரலில் அது தெரிந்துவிடும்.

நீண்ட நோய் என்றால்? இங்கேதான் பெரும்பாலான சூப்பர்வைசர்கள் கோட்டை விடுகிறார்கள். சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ என்ற அரசுக் காப்பீடு உண்டு. ஊழியரிடம் 0.75 சதவீதம், நிறுவனத்திடம் 3.25 சதவீதம் பிடிக்கிறார்கள். ரூ.18,000 சம்பளக்காரருக்கு மாதம் ரூ.135 போகிறது, நிறுவனம் ரூ.585 கட்டுகிறது. இந்தப் பணம் எதற்கு என்று கேட்டால் ‘கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்கு’ என்பார்கள். வைத்தியம் ஒரு பாதி. மறு பாதி, நோய்க்காலப் பணம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சம்பளம் பெற்று வேலை பார்த்திருந்தால், நோயில் படுத்த நாள்களுக்கு தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை இஎஸ்ஐ தரும். ரூ.18,000 காரருக்கு நாளைக்கு ஏறத்தாழ ரூ.420. பொதுவாக முதல் 2 நாள் கணக்கில் வராது. இஎஸ்ஐ டாக்டரின் சான்று வேண்டும். ‘லாஸ் ஆஃப் பே போட்டுருவேன்’ என்று மிரட்டுவதற்குப் பதில் இதைச் சொல்லி அனுப்பினால், காய்ச்சலோடு கவுண்டரில் நின்று இன்னும் நாலு பேருக்குப் பரப்புவதை நிறுத்தலாம்.

காசநோய்க்கு இன்னும் பெரிய ஏற்பாடு இருக்கிறது. இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்து, பங்களிப்பு நிபந்தனையும் நிறைவேறியிருந்தால், நீண்ட கால நோய்ப் பட்டியலில் உள்ள அதற்கு 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரைக்கும் பணம் உண்டு. டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கியதால்தான் அடுத்த ரயில் நிலையத்துக்கே ‘சானடோரியம்’ என்று பெயர் வந்தது. அந்த ஊரைச் சுற்றி இருந்துகொண்டே, இருமுகிற ஆளைச் சத்தமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தும் கடைகள் இன்னும் இருப்பது வேடிக்கை.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்கள் லீவு போட வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் நீட்சியாக, வேலையிடத்துக்கே வந்து பரிசோதிக்கும் ஏற்பாட்டை அரசு 2024இல் தொடங்கியது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஒன்றே ஒன்று: முடிவுத் தாள் ஊழியர் கைக்குத்தான் போக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் முகாம் முடிந்ததும் மேலாளர் பட்டியலை வாங்கி, ‘யாருக்கெல்லாம் சுகர்’ என்று மீட்டிங்கில் சிரித்துக்கொண்டே வாசித்தார். அடுத்த ஆண்டு முகாமுக்கு வந்தவர்கள் மூன்று பேர்.

பேசும் விதம்

ஒருவர் முகம் வாடியிருந்தால் நம் வழக்கம் எல்லார் முன்னாலும், “என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, வீட்ல சண்டையா?” என்று கேட்டுவிடுவது. அக்கறைதான். ஆனால் அதற்கு ‘ஒண்ணுமில்ல சார்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. டீக்கடைக்கு நடக்கும்போது, தனியாக, கண்ணில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “மா, ரெண்டு வாரமா நீங்க யாரோடவும் சாப்பிட உட்காரலை. பில்லிங்கிலயும் தப்பு வருது, உங்களுக்கு வராதே. எதாவது நான் மாத்தி வைக்கணுமா?” கடைசிக் கேள்வி முக்கியம். உங்களால் மாற்ற முடிந்தது ஷிப்ட், டார்கெட், கவுண்டர். மனசை மாற்ற நீங்கள் டாக்டர் இல்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்காதீர்கள்.

தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் பேச்சு போனால் தனியாக விடாதீர்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசும். 104 எண்ணும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பாதுகாப்புத் தர வேண்டும். கம்பெனி இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் டீம் லீடுகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மணிக்கணக்கு

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பவே மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதே ஆண்டு வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90க்குப் போனார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016 ஒரே ஆண்டில் இப்படிப் போன உயிர்கள் சுமார் 7,45,000.

நேரம் மட்டும் இல்லை, நேரத்தின் மேல் யாருக்குப் பிடி இருக்கிறது என்பதும் உண்டு. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த வைட்ஹால் ஆய்வுகளில், தன் வேலையின் மேல் தனக்கே பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகமாக இருந்தது. அதனால் அடுத்த வார சார்ட்டை வியாழக்கிழமையே ஒட்டுங்கள். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் ஷிப்டை மாற்றிக்கொள்ளலாம், உங்களிடம் சொன்னால் போதும் என்று விடுங்கள். காசு செலவில்லாத மருந்து இது.

மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கும்வரை பத்து நிமிடத் தாமதத்துக்குப் பத்து நிமிடம் திட்டுவது வீண். அரை மணி நேர நெகிழ்வு கொடுத்து, தாமதமாக வந்தவர் அந்த அளவு தாமதமாகப் போகட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்குத் தனி விதி வேண்டும். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்கும் அங்கிருந்து பள்ளிக்கரணைக்கும் தண்ணீர் போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அது எந்தத் தெரு வழியாகப் போனது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின இரவு எட்டு மணிக்குள் யார் வர வேண்டாம் என்று குரூப்பில் போட்டுவிடுங்கள். விடிந்தபின் போட்டால் பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் இருப்பார்கள்.

இரவு பதினொரு மணிக்கு உங்களுக்கு யோசனை வரும். எழுதி வையுங்கள், காலையில் அனுப்புங்கள். பிரான்சு 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் வேலை நேரத்துக்குப் பின் ஃபோனை ஒதுக்கி வைக்கும் உரிமையைச் சட்டமாக்கின. இங்கே அது உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. ஷட்டர் 9.30க்கு இறங்குகிறது. அதன்பின் துணி மடிப்பது, கணக்கு முடிப்பது, வாசலில் பை சோதனை. கடைசிப் பெண் படி இறங்கும்போது மணி என்ன? ஒரு வாரம் நீங்களே வாசலில் நின்று, பெயரும் நேரமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். திங்கட்கிழமை அந்த நோட்டையும் டூட்டி சார்ட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போங்கள்.